ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, சட்டியைத் தட்டிப் பாருங்க

உங்க வீட்டு தோசைக்கல் என்ன உலோகம்?

"இரும்பு"ன்னு சொல்லிட்டு நிறுத்திடாதீங்க மக்களே. வார்ப்பிரும்பா, இரும்புத் தகடா, இல்ல கறுப்புப் பூச்சு பூசின அலுமினியமா? எங்க கிளாஸ்ல இதைக் கேட்டுப் பார்த்தேன். இரும்பு-கார்பன் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வரையத் தெரிஞ்ச ஆளுங்கதான் எல்லாரும். ஆனா பாதிப் பேர் வீட்டுக்கு போன் போட்டு அம்மாகிட்ட கேட்டாங்க. அம்மாவும் "கறுப்பா இருக்கே, இரும்புதான்டா" என்று சொல்லியிருக்காங்க.

இப்போ எல்லாருக்கும் பழைய முறையில சமைக்கணும்னு ஒரு ஆசை வந்திருக்கு. ரீல்ஸ்ல பார்க்கிறோம். விறகடுப்பு, மேல ஒரு கறுப்புச் சட்டி, பின்னாடி புல்லாங்குழல், கீழே வாங்குறதுக்கு லிங்க். "பாரம்பரிய வார்ப்பிரும்பு", "முன்னோர் சமைத்த பாத்திரம்" என்று பெட்டி மேல எழுதியிருக்கு. ஆசை தப்பில்ல. எனக்கும் அந்தச் சட்டியில வதக்கின கத்திரிக்காய் பிடிக்கும்.

ஆனா என் கருத்து இதுதான். "பாரம்பரியம்" என்கிற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீங்க, உலோகத்துக்குக் கொடுங்க. எது என்ன உலோகம்னு கண்டுபிடிக்கிற படிப்பு நமக்கு ஏற்கெனவே இருக்கு. செமஸ்டர் முடிஞ்சதும் அதை லேப்லயே விட்டுட்டு வந்துட்டோம், அவ்வளவுதான்.

புடவைன்னா சோதிக்கிறோம், சட்டின்னா?

எனக்கு ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துல இருந்து வேலூர் போற வழியில, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கு. புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செஞ்ச இடம்னு தலபுராணம் சொல்லுது. விஜயராகவப் பெருமாள் கோயில்ல தாயார் மரகதவல்லி. குழந்தை வேணும்னு வர்ற பெண்கள் வறுத்த பயறை நனைச்சு மடியில கட்டிக்கிட்டுப் படுப்பாங்க. காலையில அது முளைச்சிருந்தா வேண்டுதல் பலிக்கும்னு நம்பிக்கை. ஆக, நெருப்பும் வறுத்த பயறும் எங்க ஊர்க் கதையிலேயே இருக்கு.

அதை விட முக்கியம், எங்க சுத்துவட்டாரம் பட்டு நெய்யுற வட்டாரம். இங்க யாரும் ஸ்டிக்கரைப் பார்த்துப் புடவை வாங்க மாட்டாங்க. உள்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேர்ற கோர்வையைப் பார்ப்பாங்க. ஓரத்துல ஒரு நூலை இழுத்துக் கொளுத்துவாங்க. பட்டுன்னா முடி கருகுற வாசனை வரும், சாம்பலை விரல்ல நசுக்கினா பொடியாகும். பாலியஸ்டர்னா உருகி உருண்டையா நிக்கும். ஜரிகையைச் சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியணும். இதெல்லாம் பத்தாவது கூட முடிக்காத பெரியவங்க கையில இருக்கிற குவாலிட்டி கன்ட்ரோல்.

அதே ஆளுங்க சட்டி வாங்கப் போனா ஒரு கேள்வி கேட்கிறதில்ல.

போன வருஷம் எங்க பெரியம்மா பொண்ணு மாசமா இருந்தாங்க. ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே. டாக்டர் மாத்திரை எழுதினாங்க. வீட்டுல எல்லாரும் "இரும்புச் சட்டியில சமைச்சுப் போடுங்க"ன்னு சொன்னாங்க. பெரியப்பா தறியில உட்கார்ந்து சம்பாதிச்ச காசுல, ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு "பாரம்பரிய இரும்புக் கடாய்" ஒன்று வந்துச்சு. கறுப்பா, பளபளன்னு, மரக் கைப்பிடியோட. நாலு மாசம் அதுலதான் அக்காவுக்குக் கீரையும் பொரியலும். நான் லீவுக்குப் போனப்போ ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வச்சுப் பார்த்தேன். ஒட்டவே இல்ல. அது அலுமினியம். விற்ற கடைக்காரர் பதில் கூடப் போடல.

அக்கா மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டதால ஒன்றும் ஆகல, குழந்தையும் நல்லா இருக்கு. ஆனா 1,800 ரூபாய் எங்க வீட்டுல சின்னத் தொகை இல்ல. "இரும்பு உடம்புல ஏறுது" என்று நாலு மாசம் நம்பினது அதை விடப் பெரிய விஷயம். தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி 15 முதல் 49 வயசு வரை இருக்கிற இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 53.4 சதவீதம். நம்ம கிளாஸ்ல இருக்கிற பொண்ணுங்களும் இந்தக் கணக்குக்குள்ளதான் வர்றாங்க. இந்த நிலைமையில சட்டி எதுல செஞ்சதுங்கிறது வெறும் அலங்காரக் கேள்வி இல்ல.

இரும்புச் சட்டி பழசு, வார்ப்பிரும்பு புதுசு

இப்போ அந்த "முன்னோர்" விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல இரும்பு பழசு. ரொம்பப் பழசு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புப் பொருளோட காலம் கி.மு. 2172 என்று 2022-ல அறிவிச்சாங்க. 2025 ஜனவரியில வெளியான தொல்லியல் துறை அறிக்கை, சிவகளை மாதிரிகளை வச்சு அதை கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டு வரைக்கும் பின்னாடி கொண்டு போச்சு. பெருமைதான். ஆனா அந்த இரும்பு எப்படிச் செஞ்சதுன்னு பார்க்கணும்.

சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேணும். நம்ம பழைய மண் உலைகள்ல, கரியும் துருத்தியும் வச்சு அந்தச் சூட்டைத் தொட முடியாது. அதனால இரும்பு தண்ணி மாதிரி ஓடி வராது. பஞ்சு மாதிரி ஒரு கட்டியா வரும். கொல்லர் அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிச்சு, கசடை வெளியே தள்ளி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வருவார். வாள், கொழு, அரிவாள், சட்டி எல்லாம் அடிச்சுச் செஞ்சதுதான். மூசையில உருக்கி எடுத்த உருக்கு உலகப் புகழ் பெற்றது, ஆனா அது கைக்கு அடக்கமான சின்னக் கட்டிகள். அதுல யாரும் பானை வார்க்கல.

வார்ப்பிரும்பு வேற கதை. இரும்புல 2 முதல் 4 சதவீதம் கார்பன் சேர்ந்தா உருகுற சூடு 1150 டிகிரி பக்கம் இறங்கிடும். அப்போ அதை மணல் அச்சுல ஊத்தலாம். சீனாவுல கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இது தெரியும். இங்கிலாந்துல ஆபிரகாம் டார்பி என்கிறவர் 1707-ல மணல் அச்சுல இரும்புப் பானை வார்க்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போ அங்க பித்தளைப் பானை விலை அதிகம். ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகிற பானை வேணும்னுதான் இந்த வேலை. நம்ம ஊர்ல பரங்கிப்பேட்டையில ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற ஆங்கிலேயர் 1830 வாக்குல சேலத்துத் தாதுவை வச்சுப் பெரிய உலை போட்டார். சில பத்தாண்டுகள்ல அது நின்னு போச்சு. அப்புறம் 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூர்ல மில்லும் பம்ப்செட்டும் பெருகுச்சு. அதுக்கு வார்ப்பு வேணும்னு பவுண்டரிகளும் பெருகுச்சு. அதே மாதிரி மணல் அச்சுலதான் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் வார்க்கிறாங்க. உறவுமுறை சொன்னா, உங்க தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பம்ப்செட்.

அப்போ நம்ம முன்னோர் எதுல சமைச்சாங்க? பெரும்பாலும் மண் பானையில. வசதி இருந்தா வெங்கலம், பித்தளை. சில பக்கம் மாக்கல்லைக் குடைஞ்ச கல்சட்டி. வறுக்க, பொரிக்க, அடிச்சுச் செஞ்ச இரும்புச் சட்டி. "இலுப்பச்சட்டி"ன்னு சொல்றோமே, அது "இருப்புச்சட்டி"தான், இரும்புச் சட்டி. ஆக இரும்புச் சட்டி பழசு. வார்ப்பிரும்புச் சட்டி நம்ம கொள்ளுப்பாட்டி காலத்துச் சரக்கு. ரெண்டும் நல்ல சட்டிதான். ஒன்றோட வயசை இன்னொன்று மேல ஒட்டி விலை ஏத்துறதுதான் பிரச்சனை.

இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பழைய வார்ப்பிரும்புப் பானைகளைப் பார்த்தா மூணு கால் இருக்கும். தென்னாப்பிரிக்காவுல இன்னைக்கும் போய்கி என்று ஒரு பானை இருக்கு, அதுக்கும் மூணு கால். ஏன்னா அங்க தரையில தீ மூட்டி, தணல் மேலயே பானையை நிறுத்துவாங்க. நம்ம மண் அடுப்புல அந்த மூணு காலும் அடுப்புக்கே இருக்கு, அதுதான் குமிழ். அதனால நம்ம பானைக்குக் கால் தேவையில்ல, அடி உருண்டையா இருந்தா போதும், குமிழ் மூணும் பிடிச்சுக்கும். அடுப்பும் பானையும் ஜோடியா டிசைன் ஆனது. கால் வச்ச பானையை இறக்குமதி பண்ணி நம்ம குமிழ் அடுப்பு மேல வச்சா ஆடும். உருண்டைச் சட்டியை வாங்கி இண்டக்‌ஷன் மேல வச்சா உட்காராது. வாங்குறதுக்கு முன்னாடி "எந்த அடுப்பு?" என்று கேட்டுக்கிறதுதான் முதல் வேலை.

கடையில நின்னுக்கிட்டே செய்யுற சோதனை

இதுக்கு லேப் வேண்டாம். பாக்கெட்ல ஒரு காந்தம், கையில ஒரு ஸ்கேல், கடைத் தராசு போதும்.

முதல்ல காந்தம். ஒட்டலைன்னா இரும்பு இல்ல, கீழே வச்சுடுங்க. ஒட்டுச்சுன்னா வார்ப்பிரும்பாவும் இருக்கலாம், தகடாவும் இருக்கலாம். ரெண்டையும் காந்தத்தால பிரிக்க முடியாது.

அடுத்தது காது. வார்ப்பிரும்புல காது உடம்போடவே சேர்ந்து வார்த்திருக்கும். காதைத் தனியா ரிவெட் அடிச்சிருந்தா அநேகமா தகட்டுச் சட்டி. வார்ப்புல மணலோட சொரசொரப்பு தெரியும், கனம் அதிகம். தகடு வழவழன்னு மெலிசா இருக்கும்.

மூணாவது எடை. 26 செ.மீ. விட்டம், 5 மி.மீ. கனம் இருக்கிற ஒரு தட்டையான தோசைக்கல்லை எடுத்துக்கோங்க. கன அளவு சுமார் 265 கன செ.மீ. வார்ப்பிரும்பு ஒரு கன செ.மீ. 7.2 கிராம், ஆக 1.9 கிலோ வரணும். அதே அளவு அலுமினியம்னா 720 கிராம்தான். 1 கிலோ கூட இல்லாத கல்லை "கனமான வார்ப்பிரும்பு"ன்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. விலையை எடையால வகுத்துப் பார்க்கிறதும் நல்ல பழக்கம். கிலோவுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா பெட்டிக்கும் பிராண்டுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம்னு புரியும்.

நாலாவது விரிசல். காதைப் பிடிச்சுத் தூக்கி, விரல் முட்டியால தட்டுங்க. நல்ல வார்ப்பு கொஞ்சம் கணீர்னு கேட்கும். விரிசல் இருந்தா சத்தம் உடைஞ்சு "டொக்"னு நிக்கும். மண் பானை வாங்கும்போது நம்ம ஆயாக்கள் பண்ணுற அதே சோதனைதான். உள்பக்கம் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் இருக்கான்னு பாருங்க. அச்சுல மாட்டின வாயு வெளியே போகாம நின்ன இடம் அது. ரெண்டாவது வருஷம் "காஸ்டிங் டிஃபெக்ட்ஸ்" என்று பதிமூணு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான்.

கடைசியா அடியும் மேல்பூச்சும். கேஸ், இண்டக்‌ஷன்ல வைக்கப் போறீங்கன்னா கல்லைச் சமமான தரையில வச்சு ஆடுதான்னு பாருங்க. வெள்ளைத் துணியால அழுத்தித் துடைங்க. கறுப்பு பெயின்ட் மாதிரி உரிஞ்சு வந்தா வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கா லேசா வந்தா பரவாயில்ல, கழுவினா போயிடும்.

எதுல எதைச் சமைக்கிறது?

வார்ப்பிரும்பு சூட்டை வேகமாப் பரப்பாது. அலுமினியத்தோட ஒப்பிட்டா அதோட வெப்பக் கடத்தும் திறன் நாலுல ஒரு பங்குதான். அப்புறம் ஏன் தோசைக்கு அது நல்லா இருக்கு? சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிறதாலதான்.

சின்னக் கணக்கு. 80 கிராம் மாவை 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர சுமார் 20 கிலோஜூல் வேணும் (ஆவியாகிறதைச் சேர்க்கல). நம்ம 1.9 கிலோ கல், ஒரு டிகிரிக்கு 0.88 கிலோஜூல் வச்சிருக்கும். அடுப்பு உதவாம கல்லே அந்தச் சூட்டைக் கொடுத்தா 23 டிகிரிதான் இறங்கும். அதே அகலத்துல 2.5 மி.மீ. அலுமினிய நான்ஸ்டிக் கல்லுன்னா 60 டிகிரிக்கு மேல இறங்கிடும். முதல் தோசைக்கும் ஏழாவது தோசைக்கும் நடுவுல அந்த நிதானம்தான் வித்தியாசம். அம்மா "இந்தக் கல்லுலதான் தோசை முறுகலா வரும்"னு சொல்றது சென்டிமென்ட் இல்ல, எம்-சி-டெல்டா-டி.

பணியாரக்கல்லும் அப்படித்தான். குழி மேல அகலமா, கீழே குறுகலா இருக்கு பாருங்க. மணல்ல இருந்து மர மாதிரியை உடையாம வெளியே எடுக்க அந்தச் சரிவு வேணும். பணியாரம் பிய்யாம திரும்பவும் அதே சரிவுதான் வேணும். ஒரே கோணம், ரெண்டு வேலை.

ஆனா எல்லாத்துக்கும் இரும்பு சரி வராது. புளி, தக்காளி மாதிரி அமிலம் உள்ளதை இரும்புல ரொம்ப நேரம் கொதிக்க விட்டா இரும்பு அதிகமாக் கரையும், குழம்பு கறுக்கும், நாக்குல உலோக ருசி தட்டும், நீங்க பழக்கி வச்ச எண்ணெய்ப் படலமும் போயிடும். புளிக்குழம்புக்கு மண்சட்டியோ கல்சட்டியோ நல்லது. ரசத்துக்கு ஈயச் சொம்பு பழக்கம். அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிடும், அதனால காலியா அடுப்புல வைக்கக் கூடாது. காரீயம் கலந்த போலி வந்துடக் கூடாதுன்னு நம்பிக்கையான இடத்துல மட்டும் வாங்கணும். பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்கணும். பாருங்க, ஒரு சமையலறையில அஞ்சு பொருள், அஞ்சு வேலை. பாரம்பரியம்னு ஒன்று இருந்தா அது இந்தப் பொருத்தம்தான். எல்லாத்தையும் ஒரே கறுப்புச் சட்டியில போடுறது இல்ல.

இரும்புச் சத்து விஷயத்தையும் நேராச் சொல்லிடறேன். இரும்புப் பாத்திரத்துல சமைச்சா சாப்பாட்டுல இரும்பு கூடுது, அது சோதிச்சுப் பார்த்த உண்மை. ஆனா எவ்வளவு கூடும், உடம்பு எவ்வளவு எடுத்துக்கும்ங்கிறது என்ன சமைக்கிறோம், எவ்வளவு நேரம் சமைக்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது. ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால வர்றதும் இல்ல. அதனால சட்டி மாத்திரைக்குத் துணை, மாற்று கிடையாது. தலசீமியா மாதிரி பிரச்சனை வீட்டுல இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாங்கணும்.

இந்த வேலைக்கு வார்ப்பிரும்புதான் வேணும்னும் இல்ல. கொல்லர் அடிச்ச சட்டியோ, பாத்திரக் கடையில மூலையில கிடக்கிற தகட்டுச் சட்டியோ, அதுலயும் இரும்பு கரையும். விலை கம்மி. முக்கியமா, எடை கம்மி. 3 கிலோ சட்டியில குழம்பை நிரப்பித் தினமும் தூக்கி இறக்குறது ரீல்ஸ் எடுக்கிற பையன் இல்ல, மணிக்கட்டு வலியோட இருக்கிற நம்ம அம்மா. என்னைக் கேட்டா தோசைக்கும் பணியாரத்துக்கும் வார்ப்பிரும்பு, வதக்கவும் பொரியலுக்கும் தகட்டுச் சட்டி, புளிக்கு மண்சட்டி. மூணும் சேர்த்து ஒரு "பாரம்பரிய செட்" விலையை விடக் குறைவாத்தான் வரும்.

வாங்கின பிறகு பழக்கணும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு "சீசனிங்" தெரியும், "பழக்குறது" என்கிற வார்த்தையை ஆயாதான் சொல்லிக் கொடுத்தாங்க. நாயைப் பழக்குற மாதிரி சட்டியைப் பழக்குறது. வடிச்ச கஞ்சியில மூணு நாள் ஊறப் போடுவாங்க, தினம் கஞ்சியை மாத்தி, தேங்காய் நாரால தேய்ப்பாங்க. புளிச்ச கஞ்சி லேசான அமிலம், துருவைத் தளர்த்தும். அப்புறம் நல்லெண்ணெயை மெல்லிசாத் தடவி, புகை வர்ற வரைக்கும் காய்ச்சி, ஆற விட்டு, திரும்பவும் அதே. எண்ணெய் அந்தச் சூட்டுல பாலிமரா மாறி இரும்போட ஒட்டிக்கும். ஒரே தடவை நிறைய ஊத்தினா பிசுபிசுன்னு ஆகும். மெல்லிசா, பல தடவை.

சட்டி வேணும், புகை வேண்டாம்

விறகடுப்பு ஆசை உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் விறகு ஊதின எங்க ஆயா, கேஸ் அடுப்பு வந்த நாளைத்தான் இன்னமும் பெருமையாச் சொல்லுவாங்க, விறகடுப்பை இல்ல. வீட்டுக்குள்ள விறகு, வறட்டி, கரி எரிக்கிற புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அதுல அதிகமா மூச்சுக்குள்ள இழுக்கிறது அடுப்பு முன்னாடி நிக்கிற பெண்களும் பக்கத்துல விளையாடுற குழந்தைகளும்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கோங்க. மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு, மிளகும் சுக்கும் சேர்த்த மாவை ஊத்தி, மணிக்கணக்கா ஆவியில வேக வைக்கிறாங்க. அந்த வேலைக்கு அந்த முறை, அந்த மடைப்பள்ளி. அதைக் காப்பாத்தணும். ஆனா நம்ம தினசரி சாம்பாருக்கு அம்மா கண்ணு எரியணும்னு எந்தப் பாரம்பரியமும் கேட்கல. இரும்புச் சட்டி கேஸ்லயும் நல்லா வேலை செய்யும். அடி சமமா இருந்தா இண்டக்‌ஷன்லயும் செய்யும், மண்சட்டிக்கும் பித்தளைக்கும் இல்லாத வசதி அது.

பொங்கலுக்கு, காணும் பொங்கல் சுற்றுலாவுக்கு, ஹாஸ்டல் பின்னாடி ஒரு நாள் பிரியாணிக்குன்னு திறந்த வெளியில தீ மூட்டுங்க, தாராளமா. காய்ஞ்ச விறகு மட்டும். வார்ப்பிரும்பைத் திடீர்னு பெருந்தீயில வைக்காதீங்க, மெதுவாச் சூடேத்துங்க. சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது. வார்ப்பிரும்புக்குள்ள கிராஃபைட் செதில் செதிலா இருக்கும், விரிசல் ஓடுறதுக்கு அதுவே வழி. சிமெண்ட் தரையில கை தவறி விட்டாலும் உடையும். தகட்டுச் சட்டின்னா நெளியும், கொல்லர்கிட்ட கொடுத்து நிமித்திக்கலாம்.

கடைசியா, நம்ம லேப் பத்தி

முதல் வருஷ லேப்ல பவுண்டரி செயல்முறை காட்டினாங்க, ஞாபகம் இருக்கா? மணலைச் சலிச்சு, ஈரம் பார்த்து, பெட்டியில இடிச்சு, ஸ்டெப் கோன் புல்லிக்கு அச்சு எடுத்தோம். அந்தப் புல்லியை நம்மில் யாராவது அதுக்கப்புறம் எங்கேயாவது பார்த்தோமா? ரெக்கார்ட் நோட்டுல படம் வரைஞ்சதோட சரி.

என் யோசனை சின்னது. புல்லிக்குப் பக்கத்துல ஒரு பணியாரக்கல் மாதிரியையும் வைங்க. மரத்துல ஒன்று செஞ்சா பல பேட்ச்சுக்கு வரும். ஏழு குழி, ஏழு சரிவு, நடுவுல கனம் மாறாம இருக்கணும், உலோகம் எல்லாக் குழிக்கும் ஓடிச் சேரணும். புல்லியில படிக்கிற எல்லாப் பாடமும் அதுல இருக்கு. கூடவே, அச்சைப் பிரிச்சு வெளியே வர்ற ஒவ்வொருத்தருக்கும் தன் வீட்டுச் சட்டி எப்படிப் பிறந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவங்க வீட்டுல யாரையும் கறுப்பு அலுமினியத்தைக் காட்டி ஏமாத்த முடியாது. துறைத் தலைவருக்குக் கடிதம் நான் எழுதி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட வர்றவங்க மெக்கானிக்கல் பிளாக் நோட்டீஸ் போர்டு பக்கம் வாங்க, மத்தத் துறைக்காரங்களும் வரலாம்.

அது நடக்கிறப்போ நடக்கட்டும். இந்த வாரம் ஊருக்குப் போறவங்க ஒரு காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. அடுப்படியில இருக்கிற ஒவ்வொரு கறுப்புச் சட்டியிலயும் வச்சுப் பாருங்க. என்ன உலோகம்னு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க.